மூன்று லட்சம் கி.மீ. பிக்கப்பும் இருபது கொண்டை ஊசி வளைவும்: வாசகர் கேள்வி – பதில்

சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கம் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றியே இம்முறை கடிதங்கள் அதிகம். எல்லாமே டீசல் வண்டி, பெரும்பாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டியவை. கீழே உள்ள அளவுகள் இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

கேள்வி: என் பிக்கப் 3,20,000 கி.மீ. ஓடிவிட்டது. காய்கறி லோடோடு ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடை அடிக்கிறது. கையேட்டில் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று இருக்கிறது. மெக்கானிக் 5,000 என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – நாகலூர் வாசகர்

பதில்: மெக்கானிக் பேச்சைக் கேளுங்கள். கையேட்டிலும் தப்பில்லை. அதிலேயே 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும். மலை, தூசி, முழு லோடு என்றால் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

ஆயில் கெடுவது கிலோமீட்டரால் அல்ல, இன்ஜின் ஓடிய நேரத்தாலும் பட்ட சூட்டாலும். 250 மணி நேரத்துக்கு ஒரு ஆயில் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பைபாஸில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது 15,000 கி.மீ. அடிவாரத்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது கியரில் மணிக்கு 20 கி.மீ. என்று ஏறுகிறவருக்கு அதே 250 மணி நேரம் 5,000 கி.மீ.தான். மீட்டர் மெதுவாக நகர்கிறது, இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆயில் அளவு பார்க்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஏற்காட்டில் வீட்டு வாசலே சரிவாக இருக்கும். அங்கே பார்த்த அளவை நம்ப முடியாது. பல வண்டிகளில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். வாரம் ஒருநாள் பார்த்து, ஊற்றிய அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும், அதற்காகப் பதற வேண்டாம். மாதம் அரை லிட்டர் கேட்ட வண்டி திடீரென்று ஒன்றரை லிட்டர் கேட்டால்தான் விஷயம்.

ஆயில் குறைவதைவிட ஏறுவது ஆபத்து. ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள வண்டி என்றால், சேர்ந்த கரியை எரிக்கும் சுற்று பாதியிலேயே நின்று நின்று போனாலும் இப்படி ஆகும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் உள்ளே வந்துவிட்டது, வண்டியை எடுக்காதீர்கள்.

ஆயில் குடிக்கிறதே என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது பலரின் பழக்கம். மார்கழிக் காலையில் ஏற்காட்டுக் குளிரில் கெட்டி ஆயில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வரை போய்ச் சேரத் தாமதமாகும். ஆயில் செலவில் மிச்சம் பிடித்து டர்போவில் விடுவதுதான் நடக்கும். பழைய புகை விதிப்படி வந்த பி.எஸ்-3, பி.எஸ்-4 வண்டிகளுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 சி.ஐ-4 பிளஸ் ரக ஆயில் போதும். பி.எஸ்-6 வண்டிக்குக் கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைவான ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். விலை மலிவு என்று பழைய ரகத்தை ஊற்றினால் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும்.

ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள், இருபது நிமிடம் விடுங்கள். புதிய ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். டிரெய்ன் பிளக் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

கேள்வி: லீ பஜாரில் மளிகை லோடு ஏற்றி ஏற்காடு போகிறேன். பத்தாவது வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கழற்றலாமா? – செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். கூலன்ட் சூடேறிய பிறகுதான் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு அது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், சூடு இன்னும் ஏறும். மற்ற இன்ஜின்களில் காலையில் சூடேறவே நேரமாகும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். வண்டியிலேயே விலை குறைந்த பொருள்களில் ஒன்று, ஆனால் மலையேறும் வண்டிக்கு உயிர் அதில்தான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அதே தண்ணீர் 115 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்த இருபது டிகிரி போச்சு. சேலத்துக்குள் ஓடும்போது தெரியாத குறை, முழு லோடில் பாதி மலையில் தெரியும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அதே எண்ணில் புதிது வாங்குங்கள். கூட்டிப் போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

அடுத்து ரேடியேட்டரின் வெளிப்பக்கம். ஏசி வண்டியில் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சி, தூசி, தேங்காய் நார் சேர்ந்து படலமாகப் படிந்திருக்கும். முன்பக்கம் பளிச்சென்றுதான் இருக்கும், இரண்டையும் பிரித்தால்தான் தெரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

பிறகு ஃபேன். சூடேறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் வைத்த ஃபேன் என்றால், வண்டி நல்ல சூட்டில் இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். லேசாக இரண்டு மூன்று சுற்றுப் போனால் அந்தக் கிளட்ச் போய்விட்டது. மேட்டில் வண்டி வேகம் குறைவு, காற்று வராது, ஃபேன்தான் எல்லாம்.

இவ்வளவும் சரியென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் சூடாக்குங்கள். அதன் மேலேயே 82 என்பது போல ஓர் எண் இருக்கும். அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள்.

சேலத்து போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டு ஹீட்டரில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. கூலன்ட் கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. எட்டு லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு நாலும் நாலும். 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். பழையதை வடித்த பின் வெறும் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, இன்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். வருவது தெளியும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் ஒத்திப்போடக் கூடாது. வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுகிறது, ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வருகிறது என்றால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இந்த நிலையில் லோடு ஏற்றினால் ஹெட்டே வளையும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். கூலன்ட் வெளியே கொட்டவில்லையென்றால் உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆவி அடித்துக் கூலன்ட் போய்விட்டது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மூடியில் கை வைக்க வேண்டாம், இன்ஜின் மேல் தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: காபி, மிளகு மூட்டையோடு இறங்கும்போது அடிவாரம் நெருங்கையில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. கருகல் வாடையும் வருகிறது. பேடு புதுசு. – ஏற்காடு வாசகர்

பதில்: பேடு புதிதாக இருந்தும் பெடல் அமுங்குகிறது என்றால் முதலில் பிரேக் ஆயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ரகப் பிரேக் ஆயில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் கணக்கு. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. இருபது வளைவிலும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் காலிப்பர் பக்கம் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி ஆகிறது. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி சுருங்கிக்கொள்ளும். கீழே வந்து அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள், மலை வண்டிக்கு வருடம் ஒருமுறை. ஒரு லிட்டர் போதும். சீல் உடைத்த பழைய பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். கையேட்டில் வேறு வரிசை சொல்லவில்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, பின் வலது, முன் இடது, முன் வலது என்று ஏர் எடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள டப்பாவில் ஆயில் தீர்ந்துபோகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்சக்கர டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். லைனர் கண்ணாடி போலப் பளபளத்தால் கருகியிருக்கிறது. லைனரில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி எரித்துத் திரும்பப் போடுவார்கள், அது வேண்டாம். உள்ளே ஊறிய ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். டிரம்மை லேத்தில் கடைவதற்கும் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான்.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் கெடுதல். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் உயிரோடு விளையாட்டு. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் தருவது இன்ஜின் சுற்றும் பம்ப். அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே வேக்குவம் மிஞ்சும், பிறகு பெடல் கட்டையாகிவிடும். பூஸ்டர் நல்லதா என்று பார்க்க, இன்ஜினை அணைத்து ஐந்து முறை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

கேள்வி: மரவள்ளிக்கிழங்கு லோடு அடிக்கிறேன். பின்பக்கம் தொங்குகிறது. ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டால் தாங்குமா? – ஆத்தூர் வாசகர்

பதில்: பிளேட் தாங்கும். ஆக்ஸில், வீல் பேரிங், சேஸிஸ், டயர் இவை தாங்காது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. உங்கள் வண்டியில் சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ மாட்டிய வால்வு இருந்தால், அது லோடைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுக்கிறது. பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் அதற்கு அளவு. கூடுதல் பிளேட் போட்டால் முழு லோடிலும் பின்பக்கம் இறங்காது. வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். மொத்தப் பாரமும் முன் பிரேக்குக்குப் போகும். மேலே ஏற்காடு வாசகர் கேட்ட கோளாறுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிளேட் செட்டைக் கழற்றி, விரிசல் விட்டதையும் வளைவு போனதையும் மாற்றிப் பழைய வளைவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்ப நம்ப முடியாது. நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 500 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் பின்னால் நகரும், வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கம் இழுக்கும். ஷாக்கிள் பின், பிரொப்பல்லர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் இரண்டுக்கும் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ். கிராஸில் நான்கு கப் வழியாகவும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் கிரீஸால் பயனில்லை, கிராஸை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பின் ஆக்ஸில் ஆயில் சீல் இரண்டு முறை மாற்றியும் ஒழுகுகிறது. – அயோத்தியாப்பட்டணம் வாசகர்

பதில்: சீலை விட்டுவிட்டு ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதரைப் பாருங்கள். விரல் நுனி அளவு மூடி அல்லது சின்னக் குழாய். சேறு அடைத்திருந்தால், ஹவுசிங் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து, போக வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான். அடுத்து அளவு: ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரைதான் ஆயில், அதற்கு மேல் ஊற்றினாலும் ஒழுகும். சீல் உரசும் இடத்தில் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள்.

ஆயில் மாற்றும்போது ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரெய்ன் பிளக்கைத் தொட வேண்டும். வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வராமல் தவிக்கிறவர்கள் உண்டு. பிளக்கின் காந்தத்தில் மை போலத் துகள் இருப்பது சகஜம், சில்லுச் சில்லாக இரும்பு இருந்தால் பல் போகிறது. பின் ஆக்ஸில் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல்-5 ரக கியர் ஆயில். கியர்பாக்ஸுக்குக் கையேடு ஜி.எல்-4 சொன்னால் அதையே ஊற்றுங்கள். ஜி.எல்-5-இல் உள்ள கந்தகச் சேர்மம் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கும்.

கேள்வி: மேக்னசைட் லோடு பக்கம் ஓடுகிறது. ஏர் ஃபில்டரை வாரம் இருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன். அப்படியும் கரும்புகை. – கருப்பூர் வாசகர்

பதில்: அடிக்கடி சுத்தம் செய்வதே கெடுதலாகலாம். பஞ்சர் கடை காற்றை அப்படியே கிட்டே வைத்து அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும், மேக்னசைட்டின் வெள்ளைத் தூசி நேரே டர்போவுக்குப் போகும். அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குள் குறைத்து, உள்பக்கத்திலிருந்து வெளியே அடியுங்கள். இரண்டு முறை சுத்தம் செய்ததை மூன்றாவது முறை தூக்கிப்போடுங்கள். கழுவவே கூடாது. பிறகு இருட்டில் ஃபில்டருக்குள் டார்ச் விட்டுப் பாருங்கள், ஒளி புள்ளியாகக் கசிந்தால் கிழிந்திருக்கிறது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். தூசி ஒட்டினால் கிளாம்ப்போ ஹோஸோ ஒழுங்கில்லை. புகைக்கு டர்போவுக்குப் பிறகு வரும் இன்டர்கூலர் ஹோஸின் வெடிப்பும் காரணமாக இருக்கலாம். லோடில் ஏறும்போது உஸ் என்ற சத்தம் வந்தால் அதுதான்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப்புகை வருகிறது. பேட்டரி மாற்றியாகிவிட்டது. – வெள்ளக்கடை வாசகர்

பதில்: ஏற்காட்டில் நிறுத்தினால் மட்டும் தகராறு, சேலத்தில் நிறுத்திய மறுநாள் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது என்றால், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்தான் கோளாறு. எங்கே நிறுத்தினாலும் தகராறு என்றால் டீசல் லைனில் காற்றோ தண்ணீரோ. ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் கால் டம்ளர் அளவு பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் செய்தால்தான் தெரியும், ஓடிய பிறகு கலங்கிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வடியுங்கள், மாலையிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். காலி டேங்க்கில் இரவுக் குளிரில் ஈரம் படியும்.

பேட்டரி மாற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இதெல்லாம் சரியாக இருந்தும் சோம்பலாகச் சுற்றினால் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டுங்கள்.

கேள்வி: கிளட்ச் பிளேட் போய்விட்டதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? – ஓமலூர் வாசகர்

பதில்: முடியும். சமதளத்தில், முன்னே ஆளில்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டுப் பிரேக்கையும் மிதித்து, நான்காவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள்.

கேள்வி: டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறது, ஆனால் வாங்கி ஆறு வருடம். மாற்ற வேண்டுமா? எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு வருகிறது. – வாழப்பாடி வாசகர்

பதில்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருட டயரில் பக்கச்சுவரிலும் பட்டன் இடுக்கிலும் மயிரிழை வெடிப்பு இருந்தால், மலையில் லோடோடு ஓட்டாதீர்கள். பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது. டயர் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.க்குள் வீல் நட்டைக் கையால் ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்குங்கள், ஏர் கன் போட்டவர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். காலாவதி நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், பின் ரிஃப்ளெக்டர், ஸ்டீயரிங் ஆட்டம், ஹார்ன், வைப்பர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து எந்த டை ராட் மூட்டு தாமதமாக அசைகிறது என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டை மாற்றினாலும் அலைன்மென்ட் செய்துவிட்டுத்தான் எஃப்.சி.க்கு எடுத்துப் போங்கள்.